தாயுயிர் காக்கும் குருதி

பெயரில் நஞ்சிருப்பினும், கருவிலுள்ள குழவிக்கு உணவும் உயிர்வளியும் ஊட்டுவது நஞ்சுக்கொடியே. பொதுவாக அது கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டியிருந்து, மகவு பிறந்தபின் கழன்று வெளிவரும். சிலருக்கு அது கீழே அமைந்து கருப்பை வாயை மறைக்கும். சிலருக்குப் பேற்றுக்கு முன்னரே பிரிந்துவிடும். சிலருக்குத் தசையில் வேரூன்றிப் பிரிய மறுக்கும். மூன்றிலும் அஞ்சத்தக்கது குருதிப் பெருக்கே. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்கும் மேலான குருதி பாய்கிறது. ஆதலின் காலந்தாழ்த்தல் உயிரைப் பறிக்கும்.

வாய் மறைந்திருப்பதை ஸ்கேன் முன்னரே காட்டிவிடும். கருவுற்றவருக்கு வலியின்றிக் குருதி கசியினும் உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும். 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஊர்தி இன்று நிலக்கோட்டைச் சிற்றூர்களுக்கும் வருகிறது. திண்டுக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2018–20ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இலட்சம் பிறப்புக்கு மாண்ட தாய்மார் இந்தியாவில் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர்.

அந்த 54ஐயும் குறைக்க வேண்டுமாயின், ஊர்தியும் மருத்துவரும் மட்டும் போதா; குருதியும் வேண்டும். 1901இல் லாண்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளைக் கண்டறிந்து வழிகாட்டினார். 18 வயது நிரம்பி, உடல்நலமும் உடைய மாணவர் ஈயும் குருதி, முகமறியாத் தாயொருத்தியை இல்லம் திரும்பச் செய்யும்.