சின்னமுத்து அடங்கிக் கிடக்கும் வருஷத்தில் நடப்பது என்ன?



கிளினிக் நாளை அறிவிக்க லயங்களுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "இப்ப யாருக்குங்க சின்னமுத்து வருது? வராத நோய்க்கு ஊசி போடப் போயி ஒரு பேரை விடணுமா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் பேர் போனால் அது சம்பளத்தன்றைக்குத் தெரியும். ஆகவே பதிலும் நியாயமாக இருக்க வேண்டும். அந்தப் பதில் ஒரு கணக்கில் இருக்கிறது. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும், விளங்கிவிடும்.

ஊசி வருவதற்கு முந்திய காலத்தில் இங்கிலாந்தில் சின்னமுத்து காணாத பிள்ளை இல்லை என்றே சொல்லலாம். டொக்டர்மார் வாராவாரம் எத்தனை பிள்ளைகளுக்கு வந்தது என்று எழுதி அனுப்பினார்கள். அந்தப் பதிவுகளைப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் தெரியும். லண்டன் நகரில் 1950க்குப் பிறகு நோய் ஒரு வருஷம் பெரிதாக அடித்தது, அடுத்த வருஷம் அடங்கியது, மறு வருஷம் திரும்பவும் அடித்தது.

இது ஏன்? கிருமி ஒரு வருஷம் பலமாகவும் ஒரு வருஷம் பலவீனமாகவும் இருந்ததா? அப்படி நினைக்கத் தேவையில்லை என்று 1906லேயே லண்டன் வைத்தியர் வில்லியம் ஹேமர் காட்டினார். நோய் பரவும் வேகம் இரண்டு எண்ணிக்கைகளைப் பெருக்கி வருவது என்றார் அவர். ஒன்று, இப்போது நோயுள்ள பிள்ளைகள். மற்றது, இன்னும் நோய் காணாத பிள்ளைகள். நோயுள்ளவர் 10 பேர், காணாதவர் 100 பேர் என்றால் பெருக்கி வருவது 1000. காணாதவர் 20 பேர்தான் என்றால் வருவது 200. கிருமி அதேதான், வேகம் மட்டும் ஐந்தில் ஒன்றாகிவிடும்.

இது நமக்குத் தெரிந்த விஷயந்தான். இன்றைக்குக் கொழுந்தெடுத்த மலையில் நாளைக்கே கூடையோடு போய் நின்றால் என்ன கிடைக்கும்? புதுக் கொழுந்து துளிர்க்கும் வரை காத்திருக்க வேண்டும். சின்னமுத்தும் அப்படியே. ஒரு தரம் வந்த பிள்ளைக்கு அநேகமாக மறுபடி வராது. பெரிதாக அடித்த வருஷத்தில் கிடைத்த பிள்ளைகளையெல்லாம் அது பிடித்துவிடும். பிறகு புதிதாகப் பிள்ளைகள் பிறந்து வளர வேண்டும். அதுவரை நோய் அடங்கிக் கிடக்கும். லிவர்பூல் நகரில் பிறப்பு அதிகம். ஆகவே அங்கே இரண்டு வருஷம் காத்திருக்கத் தேவைப்படவில்லை, வருஷா வருஷம் வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 1950 முதல் 1965 வரையான வாரப் பதிவுகளை ஃபைன், கிளார்க்சன் என்ற இருவர் கணக்கிட்டு 1982இல் வெளியிட்டார்கள். பாடசாலை விடுமுறையில் தொற்றும் வேகம் குறைந்தது. பாடசாலை திறந்ததும் கூடியது. பிள்ளைகள் ஒரே அறையில் கூடுவதுதான் காரணம். நோய் காணாத பிள்ளைகள் சேர்வது விறகு அடுக்குவது போல. பாடசாலை திறப்பது நெருப்புக்குச்சி போல. விறகு இல்லாவிட்டால் குச்சி கிழித்து என்ன பயன்?

1957இல் பார்ட்லெட் என்ற கணித அறிஞர் மற்றொன்றைக் காட்டினார். சுமார் 2½ முதல் 3 லட்சம் பேருக்குக் குறைந்த ஊரில் இந்த நோய் தொடர்ந்து தங்க முடியாது. ஒரு தரம் அடித்துவிட்டு அற்றுப்போகும். பிறகு வெளியூரிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் வரும்.

இந்த இடத்தில் நமது தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நமது தோட்டமும் சின்ன ஊர்தான். பல வருஷம் சின்னமுத்தே இல்லாமல் இருக்கும். அது பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அந்த அமைதியான வருஷங்களில்தான் விறகு சேருகிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கொழும்பிலிருந்து வரும் ஒருவரோடு நெருப்பும் வந்து சேரலாம்.

எவ்வளவு சேரும்? ஒரு தோட்டத்தில் வருஷம் 40 பிள்ளைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் 9 மாதத்தில் ஊசி போட்டாச்சு. அந்த வயதில் ஊசி 100க்கு 85 பேரளவில்தான் நன்றாகப் பிடிக்கும். 40இல் 34 பேருக்குப் பாதுகாப்பு, 6 பேருக்கு இல்லை. ஐந்து வருஷத்தில் அது 30 பிள்ளைகள். ஊசியே போடாதவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். 3 வயதில் இரண்டாம் ஊசி போடச் சொல்வது இதனால்தான். விடுபட்ட அந்த 6 பேரில் அநேகமாக எல்லாரையும் அது பாதுகாத்துவிடும்.

100க்கு 95 பேர் வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? யாருக்கும் பாதுகாப்பு இல்லாத இடத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். 15 என்று எடுப்போம். அதில் 14 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால் ஒருவருக்கே தொற்றும். அப்போதும் நோய் ஒன்றுக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதையும் நிறுத்த இன்னும் கொஞ்சம் கூடத் தேவை. அதுதான் 95.

நமது நாட்டிலும் இதைக் கண்டோம். 1984இல் இந்த ஊசி வந்தது. நோய் நன்றாகக் குறைந்தது. ஆனாலும் 1999, 2000 ஆண்டுகளில் பெரிதாகப் பரவியது. 2001இல் இரண்டாம் ஊசி சேர்க்கப்பட்டது. 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. அப்படியிருந்தும் 2023இல் மறுபடி தலைகாட்டியது.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்:

- பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். 9 மாத ஊசியும் 3 வயது ஊசியும் பதிந்திருக்கிறதா? இல்லையென்றால் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். நாள் தவறிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம், பிந்தியும் போடலாம்.

- காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்து, பிறகு முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் செம்பொட்டு கண்டால் உடனே டிஸ்பென்சரிக்குச் சொல்லுங்கள். அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை வைப்பது உங்கள் நம்பிக்கை, அதை நாம் மறுக்கவில்லை. மருந்தையும் சேர்த்துக் கொடுங்கள். இந்த நோய் நியூமோனியாவில் கொண்டுபோய் விடலாம், உயிரையும் எடுக்கலாம்.

- பொட்டுக் காண்பதற்கு 4 நாள் முன்பிருந்தே நோய் தொற்றும், கண்ட பிறகும் 4 நாள் தொற்றும். அந்த நாட்களில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவுக்கோ பாடசாலைக்கோ அனுப்ப வேண்டாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிள்ளைக் காம்பராவில் தொட்டிலில் கிடக்கும் ஆறு மாதக் குழந்தைக்கு இன்னும் ஊசி போடும் வயது வரவில்லை. பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குப் போட்ட ஊசிதான் அதற்குக் காவல்.