மாட்டு மணியின் பெயர் பூண்ட பள்ளம்

ஆப்பிரிக்கா என்றவுடனே நம் குழந்தைகளின் மனக்கண் முன் சிங்கம் வந்து நிற்கின்றது. எம் இல்லத்துச் சிறுவர் இருவரும் பல ஆண்டுகளாக வேண்டி வந்ததற்கு இணங்கி, சென்ற கோடை விடுமுறையில் டான்சானியா நாட்டிற்குச் சென்று வந்தோம். மும்பையிலிருந்து நைரோபி வரை விமானம்; அங்கிருந்து அருஷா நகருக்கு மோட்டார்ப் பிரயாணம். செல்ல விரும்பும் அன்பர்கள் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளல் வேண்டும். அச்சான்றிதழ் இன்றிக் கென்யா வழியே திரும்புவோரை இங்கே தனித்து வைத்துவிடுவர்.

அருஷாவிலிருந்து அரைநாள் தொலைவில் உள்ளது கொரொங்கொரோ. இருபது இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர் எரிமலை ஒன்றின் உச்சி உள்ளே சரிந்து விழுந்ததால் உண்டான பெரும்பள்ளம் அது. ஏறத்தாழ 600 மீட்டர் ஆழமும் 260 சதுர கிலோமீட்டர் பரப்பும் உடையது. 1979 ஆம் ஆண்டு உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

எமக்கு வாய்த்த வண்டியோட்டி மசாய் இனத்து இளைஞர். அவர் எம் துணைவியாரை "மாமா, மாமா" என்று விளித்தபோதெல்லாம் சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். சுவாஹிலி மொழியில் 'மாமா' என்றால் அம்மா என்று பொருளாம்! அதன்பின் வீடு திரும்பும் வரை அம்மையாருக்கு அதுவே பெயராயிற்று.

விடியற்காலைக் குளிரில் பள்ளத்தினுள் இறங்கினோம். பனித்திரை விலகியதும் நாங்கள் கண்ட காட்சியை என்னென்பது! 'நூ' எனப்படும் தாடி மான்கள் மந்தை மந்தையாக மேய்ந்தன, அவற்றிடையே வரிக்குதிரைகள். உவர் ஏரியின் ஓரத்தில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கரை கட்டினாற்போல் நின்றன. சிங்கம் ஒன்று எங்கள் வண்டியின் நிழலிலேயே வந்து படுத்துக்கொண்டது; சிறுவர்கள் மூச்சு விடவும் மறந்தனர். ஒட்டகச்சிவிங்கியை மட்டும் காணோம். செங்குத்தான சரிவும், உள்ளே தழை மரங்கள் குறைவாயிருப்பதும் அதனை வெளியே நிறுத்திவிட்டன என்றார் வண்டியோட்டி. உண்பதற்கென்று இறங்கிய இடத்தில், இளையவன் கையிலிருந்த சப்பாத்தியைப் பருந்து ஒன்று பறித்துச் சென்றது.

அழுகை ஓய்ந்த பின் அவன் கேட்டான்: "இவ்வளவு பெரிய இடத்தில் மனிதர் ஒருவரும் இல்லையே, ஏன்?"

வண்டியோட்டி சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "இருந்தோம்" என்றார்.

அவருடைய பாட்டனார் பிறந்தது அடுத்துள்ள செரெங்கெட்டிச் சமவெளியில். 1959 இல், ஆங்கிலேயர் ஆட்சியில், அச்சமவெளி விலங்குகளுக்கே என்று ஒதுக்கப்பட்டது. அங்கிருந்த மசாய் மக்கள் வெளியேறி, கொரொங்கொரோ வட்டாரத்தில் விலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்று ஏற்பாடு. அங்கே அவர்கள் நலனுக்கே முதலிடம் என்று ஆளுநரும் வாக்களித்தார். ஆனால் 1970களின் இடையில் பள்ளத்தினுள் குடியிருப்பது தடுக்கப்பட்டது. பகலில் மாடுகளை இறக்கி உப்பு மண்ணை நக்கவிட்டு வந்தனர். பின்னாளில் அதற்கும் தடை வந்தது. 2022 முதல், தொலைவிலுள்ள ஹண்டேனி மாவட்டத்தில் வீடும் நிலமும் தந்து குடும்பங்களைக் குடிபெயர்க்கும் திட்டம் நடைபெற்று வருகின்றது.

அரசின் வாதத்தையும் கூறுதல் நேர்மையாகும். 1959 இல் எண்ணாயிரம் பேர் அளவில் இருந்த மக்கள் இன்று ஓர் இலட்சத்தை எட்டிவிட்டனர். மேய்ச்சல் நிலம் தாங்காது. விரும்புவோர் மட்டுமே செல்கின்றனர் என்பது அது. "பள்ளியும் மருத்துவமும் தேய்ந்துகொண்டே போனால், விருப்பம் தானே வந்துவிடாதா?" என்று கேட்டார் அவ்விளைஞர். வேட்டை இறைச்சி உண்ணும் வழக்கமில்லாத தம் முன்னோர் பக்கத்தில் இருந்ததால்தானே இவ்விலங்குகள் இன்றளவும் பிழைத்திருக்கின்றன என்றும் கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

நாமும் ஊரை விட்டு வந்தவர்களே. ஆயினும் நாம் பிழைப்பை நாடி, நாமே எண்ணிப் புறப்பட்டு வந்தோம். பொங்கலுக்குத் திரும்பிச் சென்றால் கதவு திறந்திருக்கும். போ என்று பிறர் சொல்லப் போவதும், போனபின் வாயில் அடைபடுவதும் வேறு. அவ்வேற்றுமையை எம் சிறுவர்களுக்கு அன்றிரவு எடுத்துரைத்தோம்.

மாலை ஆறு மணிக்குள் வண்டிகள் யாவும் மேலேறிவிடல் வேண்டும் என்பது விதி. ஏறி வந்ததும் விளிம்பின் மேல் நின்றோம். கீழ்க்காற்றில் எங்கிருந்தோ கணகணவென்று மணியோசை கேட்டது. மாடுகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. 'கொரொங்கொரோ' என்னும் பெயரே மாட்டின் கழுத்து மணி எழுப்பும் ஓசையிலிருந்து வந்தது என்பர் மசாய் மக்கள்.

அங்குச் செல்லும் நம் அன்பர்கள் சிங்கத்தைக் கண்டு களித்து வருக; அம்மணியோசைக்கும் சற்றே செவி கொடுத்து வருக.