இரண்டு பல் குறைந்த சக்கரம்

டாடா 1210 லாரியின் பெயரே அதன் ஜாதகம். மொத்த எடை 12 டன், குதிரைத்திறன் ஏறத்தாழ 100. அதில் இருந்த 692 இன்ஜினின் பெயரும் அப்படித்தான்: 6 சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 92 மில்லிமீட்டர். அறுவடைக் காலத்தில் டெல்டாவின் நெல்லைச் சுமந்த வண்டி இது. முத்துப்பேட்டை மாதிரி ஊரில் இப்படியொரு லாரியை இன்னும் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவருக்கு ஒரு யோசனை வரும். சேஸ் நன்றாக இருக்கிறது, இன்ஜின்தான் புகைகிறது. விபத்தில் நொறுங்கிய புது லாரியிலிருந்து காமன் ரெயில் இன்ஜினை இறக்கி இதில் ஏற்றினால் என்ன?

ஏற்றலாம். மவுண்டிங் வெல்டு செய்யவும் கியர் பாக்ஸைப் பொருத்தவும் நம் பட்டறைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் இரும்பில் இல்லை.

பழைய இன்ஜின் தனி ஆள். அதன் மைக்கோ டீசல் பம்ப்புக்குள் சிலிண்டருக்கு ஒன்றாகச் சிறு உலக்கைகள் ஏறி இறங்கும். ஒவ்வொரு உலக்கையின் பக்கவாட்டிலும் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உலக்கை கொஞ்சம் திரும்பும். அந்த வெட்டு எந்த இடத்தில் நிற்கிறதோ, அதைப் பொறுத்து டீசலின் அளவு மாறும். வேகம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது சுழலும் இரண்டு எடைக்குண்டுகள். டீசலைத் தெளிக்கும் நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். இதில் எங்குமே மின்சாரம் இல்லை. பேட்டரி செத்தாலும் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டால் ஊர் போய்ச் சேரலாம்.

காமன் ரெயில் இன்ஜினில் டீசல், தேவைப்படும்போது 1,600 பாருக்கும் மேலே ஏறக்கூடிய அழுத்தத்தில், ஒரு தடித்த குழாயில் எந்நேரமும் காத்திருக்கிறது. அதை எப்போது, எவ்வளவு நேரம் திறந்துவிடுவது என்று முடிவெடுப்பது கணினி. இன்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 சிலிண்டர் என்றால் விநாடிக்கு 90 முறை எரிய வேண்டும். கிராங்க் ஒரு டிகிரி நகர ஆகும் நேரம் ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் கணினிக்குத் தெரிய வேண்டியது ஒன்று: கிராங்க் இப்போது எங்கே நிற்கிறது?

இதற்குச் செய்திருக்கும் ஏற்பாட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீராது. கிராங்கோடு சுழலும் ஒரு பற்சக்கரத்தில் 60 பல் இருக்க வேண்டிய இடத்தில் 58 மட்டும் வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் சென்சார் ஒவ்வொரு பல்லையும் ஒரு துடிப்பாக உணரும். இரண்டு துடிப்பு விடுபட்டால் சுற்றின் தொடக்கம் அதுதான். பொக்கை வாய்தான் இன்ஜினுக்கு முகவரி. அந்தச் சென்சாரின் வயர் அறுந்தால் டேங்க் நிறைய டீசல் இருந்தும் பல வண்டிகள் உயிர் பெறாது.

அந்தக் கணினிக்கு இன்ஜினோடு மட்டும் உறவு என்றால் கவலையில்லை. அது மொத்த லாரியையும் விசாரிக்கிறது. ஆக்சிலேட்டரில் இப்போது கேபிள் இல்லை. இரண்டு சென்சார்கள் உள்ளன. பெரும்பாலும் ஒன்று காட்டுவதில் பாதியை மற்றது காட்ட வேண்டும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் கணினி சந்தேகப்பட்டு வேகத்தைக் குறைத்துவிடும். பிரேக் மிதிபட்டதா, கிளட்ச் அழுந்தியதா, வண்டி என்ன வேகம் என்ற கேள்விகளும் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, பிஎஸ்-6 புகை விதிப்படியான கனரக வண்டி என்றால் புகைக்குழாயின் வடிகட்டியையும் யூரியாக் கரைசல் தொட்டியையும் கேட்கும். பதில் வராவிட்டால் இழுவையைப் படிப்படியாகக் குறைக்கும். புது இன்ஜின் போட்டும் வண்டி இழுக்கவில்லை என்று யாராவது புலம்பினால், காரணம் பெரும்பாலும் இந்தப் பதிலில்லாக் கேள்விகள்தான்.

இவையெல்லாம் பேசிக்கொள்வது ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே வயரில். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ முறை இது. இரு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, இரு வயருக்கும் இடையே சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஏதோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

முத்துப்பேட்டைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது எர்த். கோரையாறும் பாமணியாறும் கடலோடு கலக்கும் அலையாத்திக் காட்டுப் பக்கத்து உப்புக்காற்று வயர் முனையையும் சேஸையும் அரிக்கும். துருப்பிடித்த எர்த் இணைப்பில் வெறும் 0.05 ஓம் தடை உண்டாகி, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் விழுங்கப்படும். பழைய லாரியில் விளக்கு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். 5 வோல்ட்டுக்குள் கணக்குப் போடும் சென்சாருக்கு அரை வோல்ட் என்பது 10 சதவீதப் பொய். ஆகவே கணினிக்கான எர்த்தைச் சேஸை நம்பி விடாமல், தனி வயராகப் பேட்டரிக்கே கொண்டுபோக வேண்டும்.

பழைய இயந்திரத்தின் பொறுமைக்கு யாழ்ப்பாணத்தை விடப் பெரிய சாட்சி இல்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது, அங்கே ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். குறைந்த அழுத்த விகிதம் கொண்ட அந்த இன்ஜின் அதைத் தாங்கியது. (அதே ஏ40ஐச் சென்னையில் பாகம் சேர்த்து உருவாக்கத்தான் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது, 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது.) அந்த லேலண்டே, 2017இல் நாடு முழுக்க பிஎஸ்-4 வந்தபோது, பல லாரிகளில் பழைய வகைப் பம்ப்பை விடாமல், புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும் முறையால் விதியைச் சமாளித்தது. சாலையோர மெக்கானிக்கின் கையை மனதில் வைத்துச் செய்த பொறியியல் அது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

புது டீசல் இன்ஜினுக்குப் பதில் மின்மோட்டார் போட்டால் என்ன? 200 லிட்டர் டீசலில் ஏறத்தாழ 2,000 யூனிட் ஆற்றல் இருக்கிறது. இன்ஜின் வீணாக்கும் வெப்பத்தைக் கழித்தாலும் சுமார் 800 யூனிட் சக்கரத்துக்குப் போகும். அதே ஆற்றலை பேட்டரியில் வைத்தால் எடை 5 டன்னைத் தாண்டும். 12 டன் லாரியில் நெல்லுக்கு அதிக இடமிருக்காது. ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு 20, 30 கிலோமீட்டர் போகும் வண்டிக்கு 800 யூனிட் எதற்கு? 100 யூனிட் போதும். முக்கால் டன்னுக்குள் அடங்கும். டெல்டாவின் குறுந்தூர நெல் ஓட்டத்துக்கு இதுதான் சரியான மாற்று என்பது என் தீர்மானமான கருத்து.

வாரணாசி ரயில் இன்ஜின் தொழிற்சாலை 2018இல் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. 2,600 குதிரைத்திறன் கொண்ட பழைய டீசல் ரயில் இன்ஜினை 69 நாளில் 5,000 குதிரைத்திறன் மின்சார இன்ஜினாக மாற்றி, இரண்டை இணைத்து 10,000 ஆக்கினார்கள். டீசல் இன்ஜினின் இடத்தில் மோட்டாரை மட்டும் வைத்து முடித்த வேலையல்ல அது. கட்டுப்பாட்டு அமைப்பும் மாறியது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் பதிந்த விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பழைய வண்டி என்ற சலுகையும் கேட்க முடியாது: 2021இல் வந்த தொன்மை வாகன விதி 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிகளுக்கானது. சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி இல்லை.

ஆகவே பழைய லாரிக்குப் புது இன்ஜின் தேடுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு இன்ஜினை மட்டும் விலை பேசாதீர்கள். அதே வண்டியின் கணினி, முழு வயரிங், பெடல், சாவி, மீட்டர் போர்டு, புகைக்குழாய் வரை ஒரே இடத்தில் வாங்குங்கள். கூடும் இழுவையைப் பின் அச்சின் பழைய கிரவுன் சக்கரமும் பிரேக்கும் தாங்குமா என்பதையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.