ஈறுல ரத்தம் வருதா? இன்ஷூரன்ஸ் கைகொடுக்காத செலவு இது!

ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு, எமர்ஜென்சி ஃபண்டும் சேர்த்தாச்சு. ஆனா பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வர்றதை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடுறீங்களா? அந்த 'அப்புறம்'தான் பர்ஸைப் பதம் பார்க்கும்.

என்ன நடக்குது?

பல்லில் ஒட்டும் அழுக்குப் படலம் நாளடைவில் கல் மாதிரி இறுகி காரையாகிடும். அதுக்கப்புறம் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. ஈறு வீங்கும், ரத்தம் வரும். இந்தக் கட்டத்துல கவனிச்சா சரியாகிடும். விட்டுட்டா, ஈறு பல்லை விட்டு விலகி பள்ளம் விழும். பல்லைத் தாங்குற எலும்பும் கரைய ஆரம்பிக்கும். கரைஞ்ச எலும்பு தானாத் திரும்ப வளராது. அந்தப் பள்ளத்தை டாக்டர் மெல்லிய கம்பியால அளப்பார். 3 மி.மீ. வரை இயல்பு, அதைத் தாண்டினா கவனம்.

மூணு படி, மூணு பில்

1. ஸ்கேலிங்: பல் மேலயும் ஈறு ஓரத்துலயும் இருக்கும் காரையை எடுப்பது. பெரும்பாலும் ஒரே சிட்டிங்.

2. ரூட் பிளானிங்: மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரைச் சுரண்டி வழவழப்பாக்குவது. வாயை நாலு பகுதியாப் பிரிச்சு, பகுதிக்கு இவ்வளவுன்னு பல கிளினிக்கில் பில் போடுவாங்க.

3. ஃபிளாப் சர்ஜரி: அப்பவும் பள்ளம் குறையலைன்னா ஈறை விலக்கி, கெட்ட சதையைச் சுரண்டி எடுத்துத் தையல் போடுவது.

ஒரு பேச்சுக்கு, ஸ்கேலிங் 1,500 ரூபாய்னு வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவைன்னா மாசம் 125 ரூபாய்தான். ஃபிளாப் சர்ஜரி பகுதிக்கு 6,000 ரூபாய்னா, நாலுக்கும் 24,000. அதாவது 16 வருஷ ஸ்கேலிங் காசு! பல்லே விழுந்துட்டா இம்பிளான்ட் செலவு தனி.

இன்ஷூரன்ஸ் தருமா?

சாதாரண பாலிசிகளில் பல் சிகிச்சை பெரும்பாலும் கிடையாது. விபத்தில் அடிபட்டு அட்மிட் ஆனா மட்டும்தான். ஆனா ஆபீஸ் குரூப் பாலிசியில் ஓபிடி அல்லது டென்டல் கவர் இருக்கான்னு ஹெச்ஆர்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா? ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கான்னு விசாரிங்க. சென்னையில் இருக்குறவங்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. காத்திருக்கணும், ஆனா செலவு ரொம்பக் கம்மி.

கிளினிக்கில் 'நோ காஸ்ட் இஎம்ஐ'ன்னு சொன்னா, பிராசஸிங் கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க.

"கிளீன் பண்ணினா பல் ஆடும்"னு சொல்வாங்க. பல் ஆடுறது எலும்பு கரைஞ்சதால. அதுவரை இடுக்கை அடைச்சிருந்த காரை போனதும், இடைவெளி கண்ணுக்குத் தெரியுது. அவ்வளவுதான்.

எஸ்ஐபி மாதிரி இதுக்கும் மாசம் 125 ரூபாய் ஒதுக்குங்க. ஈறுல ரத்தம் வர்றவங்க இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க!