நார்ப்பெருக்கமும் மரபணு ஒடுக்கமும்: இலக்குத் தேர்வும் கொண்டுசேர்ப்பும்

காயமுற்ற திசுவில் கொலாஜன் அளவுக்கு மீறிப் படிந்து தழும்பாக இறுகுவது நார்ப்பெருக்கம் எனப்படும். இதனைத் தூண்டும் முதன்மைச் சமிக்ஞை டி.ஜி.எஃப்-பீட்டா என்னும் புரதமாகும்.

1998-இல் ஃபயர், மெல்லோ ஆகியோர் உருளைப்புழுவில் விளக்கிய ஆர்.என்.ஏ. குறுக்கீடு, 2001-இல் மனித உயிரணுக்களிலும் மெய்ப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 21 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஈரிழை ஆர்.என்.ஏ. உயிரணுவினுள் புகுந்தபின், அதன் ஓரிழை தனக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வை இனங்காண்கிறது, நொதி அதனைத் துண்டிக்கிறது, புரத உற்பத்தி குறைகிறது. மரபணு மாறுவதில்லை, ஆதலின் விளைவு தற்காலிகமானது.

எதனை ஒடுக்குவது என்பதே முதல் சிக்கல். டி.ஜி.எஃப்-பீட்டா காயம் ஆறுவதற்கும் நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைப்பதற்கும் இன்றியமையாதது. எனவே அதனால் தூண்டப்படும் சி.டி.ஜி.எஃப்., கொலாஜன் மடிப்புக்கு உதவும் எச்.எஸ்.பி.47 ஆகியவை இலக்குகளாகக் கொள்ளப்படுகின்றன.

இரண்டாவது சிக்கல் கொண்டுசேர்ப்பு. கல்லீரலில் தழும்பை உருவாக்குவன பெரிதும் விண்மீன் உயிரணுக்களே. அவை வைட்டமின் ஏ-யைச் சேமிப்பவை. இவ்வியல்பைப் பயன்படுத்தி, வைட்டமின் ஏ இணைத்த லிப்போசோம் வழியே எச்.எஸ்.பி.47-இன் இணையை ஒடுக்கியபோது எலிகளில் தழும்பு குறைந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டனர்.

ஆய்வகத் தட்டில் ஒரு சமிக்ஞை குறைவது தொடக்கமே. அது மருத்துவமாவது, உரிய உயிரணுவைச் சென்றடைவதைப் பொறுத்தது.