மெத்தை வீட்டுக்கு ஜிப்சம் உட்கூரை

விழுப்புரம், திண்டிவனம் நகரங்களின் பழைய தெருக்களில் எஞ்சி நிற்கும் மெத்தை வீடுகளின் கூரை, இன்றைய கான்கிரீட் தளத்திலிருந்து முற்றிலும் வேறானது. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் குறிப்பிடும் இம்முறையில், தேக்குக் கட்டைகளை வரிசையாகக் கிடத்தி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாகக் குத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். காலப்போக்கில் கட்டைகள் நடுவில் தொய்ந்து, சாந்து உதிர்ந்து, அறைக்குள் செந்தூசு கொட்டத் தொடங்கும்போது, வீட்டுக்காரர்கள் பலரும் நாடுவது ஃபால்ஸ் சீலிங் எனப்படும் ஜிப்சம் உட்கூரையை.

ஜிப்சம் என்பது நீர் மூலக்கூறுகளைத் தன்னுள் பிணைத்து வைத்திருக்கும் கால்சியம் சல்பேட் கனிமம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊரைச் சுற்றிய களிமண் மேடுகளில், வெடிப்புகளுக்குள் படிந்து வெயிலில் மின்னும் தகடுகளாக அதைக் காணலாம். அதை அளவாகச் சுட்டால் நீரில் முக்கால் பங்கு நீங்கிப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகிறது. அந்தப் பொடியில் மீண்டும் நீர் சேர, அது கூழாகிப் பின் கல்லாக இறுகுகிறது. அந்தக் கூழை இரண்டு கெட்டித் தாள்களுக்கு நடுவே பரப்பி இறுகவிட்டதே ஜிப்சம் போர்டு. இதன் முன்னோடிப் பலகைக்கு அமெரிக்காவின் அகஸ்டின் சாக்கெட் 1894இல் காப்புரிமை பெற்றார். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர் என்பதால், தீப்பிடித்தால் அந்நீர் ஆவியாகித் தீரும்வரை போர்டு வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. மரக்கட்டைக் கூரையுள்ள வீட்டுக்கு இது சிறிய நன்மையன்று.

தொய்ந்த கூரையின்கீழ் உட்கூரை தட்டையாக அமைவது போர்டினால் அன்று, அதைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தினால்தான். கூரை மிகத் தாழ்ந்திருக்கும் இடத்தை முதலில் கண்டறிந்து, அதற்கும் கீழே ட்யூப் லெவலாலோ லேசர் மட்டத்தாலோ நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடிட்டு, அக்கோட்டில் ஓரச் சேனலை அடிப்பார்கள். பின்னர் ஏறத்தாழ 4 அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சேனல்களை மேலிருந்து தொங்கவிட்டு, அவற்றின் அடியில் ஒன்றரை அடிக்கு ஒரு செக்ஷனைப் பூட்டி, 12.5 மி.மீ. தடிமனுள்ள போர்டுகளைத் திருகுவார்கள். திருகின் தலை தாளைக் கிழிக்காமல் சற்றே உள்ளமுங்கி நிற்க வேண்டும். தாள் கிழிந்தால் அந்த இடத்தில் பிடிப்பே இராது. போர்டின் நீள விளிம்புகள் சற்று மெலிந்திருப்பதால், இரண்டு போர்டுகள் சேருமிடத்தில் உண்டாகும் பள்ளத்தில் தாள் டேப்பை ஒட்டி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததை முன்னதைவிட அகலமாக இழுத்துத் தேய்த்தால் இணைப்பு மறைந்துவிடும். இந்தப் பூச்சில் அவசரப்பட்டால், சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் காலை வேளையில் ஒவ்வொரு கோடும் தெரியும்.

பழைய வீட்டில் மிகுந்த கவனம் தேவைப்படுவது தொங்கவிடும் இடத்தில்தான். கான்கிரீட்டில் துளையிட்டு போல்ட் இறுக்கும் வழக்கம் இங்கே உதவாது. சுண்ணாம்புச் சாந்து அதைப் பிடித்துக்கொள்ளாது என்பதோடு, டிரில்லின் அதிர்வில் பக்கத்துச் செங்கற்களும் கழன்றுவிடக்கூடும். ஆகவே தேக்குக் கட்டையின் பக்கவாட்டில் மரத்திருகுகளால் தொங்கு பட்டையைப் பொருத்துவதே முறை. அப்போது திருகு கீழே உருவப்படாமல் குறுக்காக நின்று எடையைத் தாங்கும். மின்விசிறியும் கட்டையிலிருந்தே தொங்க வேண்டும், போர்டிலிருந்து ஒருபோதும் கூடாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிக்கும் அறைக்குக் குறிப்பிடும் 2.75 மீட்டர் உயரம், உட்கூரை அமைந்தபின்பும் மிஞ்சுகிறதா என்று முன்கூட்டியே அளந்துகொள்வது நல்லது.

ஜிப்சத்தின் பகை மழைநீர். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அத்தகைய மழையில் ஒழுகும் கூரைக்கு அடியில் உள்ள போர்டு நீரைக் குடித்துத் தொய்ந்து விழும். அதற்கு முன்பே, கண்ணுக்குத் தெரியாத இடைவெளியில் கட்டை ஊறிக் கறையானுக்கு இரையாகும். அதனால் உட்கூரையில் ஓரிடத்தில் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கும் அளவுக்கு ஒரு கதவை விட்டாக வேண்டும். மேலே தட்டோட்டின் இணைப்புகளைச் சுண்ணாம்பால் புதுப்பித்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுக்கு நின்றதை உறுதி செய்துகொண்டு, கூரை நன்றாகக் காய்ந்த பிறகே உட்கூரை வேலையைத் தொடங்க வேண்டும்.