ஜூலு போர் போர்டு கேம்: ஆடுறவர் ஏன் எப்பவும் பிரிட்டிஷ் பக்கம்?

தனியாவே ஆடலாம், போர்தான் கதை. 'ஜூலூஸ் ஆன் த ராம்பார்ட்ஸ்' அப்படியொரு போர்டு கேம்.

களம் எது?
தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட், 1879 ஜனவரி 22. உங்களிடம் சுமார் 150 பிரிட்டிஷ் வீரர்கள். எதிரே 3,000-க்கும் மேற்பட்ட ஜூலு வீரர்கள். நீங்கள் கார்டு எடுக்க எடுக்க அவர்கள் நெருங்குவார்கள். உதவிப்படை வரும்வரை தாக்குப்பிடித்தால் ஜெயிச்சாச்சு.

விடுபட்டது என்ன?
அன்று மதியமே, பக்கத்து இசாண்டல்வானாவில் பிரிட்டிஷ் முகாமை ஜூலு படை துடைத்தெடுத்திருந்தது. பிரிட்டிஷ் தரப்பில் 1,300-க்கும் மேற்பட்டோர் பலி.

இன்னொன்று: ஜனவரி 11-லேயே ஜூலு நாட்டுக்குள் படையெடுத்தது பிரிட்டன்தான். போர்டிலோ பிரிட்டன் தற்காத்துக்கொள்கிறது. ஜூலுக்களை நகர்த்துவது கார்டுகள். அவர்கள் பக்கம் ஆட நமக்கு இடமே இல்லை.